ஏணி, கயிறு, துரட்டி: கார்வேட்டிநகரத் தோப்புகளில் ஆபத்தும் கருவியும்

எலும்பு முறிந்தால் புத்தூர். வட தமிழ்நாட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சிலை அரைப்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் சிம்பு வைத்துத் துணியால் சுற்றிக் கட்டுகிற அந்த வைத்தியம், புத்தூருக்குப் பக்கத்து ராசபாளையத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்திலிருந்து தலைமுறையாக நடக்கிறது. அதன் பெயரைப் பலகையில் எழுதிய கட்டுச்சாலைகள் சென்னை வரைக்கும் உண்டு. அந்தப் புத்தூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது கார்வேட்டிநகரம். சுற்றிலும் மாந்தோப்பு, இடையிடையே புளி, வரப்போரம் பனையும் ஈச்சையும், கிணற்றுமேட்டில் நாலு தென்னை. மரம் ஏறுகிறவர்கள் ஊரும் எலும்பு கட்டுகிறவர்கள் ஊரும் அக்கம்பக்கமாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் அது ஒரு பொய்த் தைரியத்தைக் கொடுத்திருக்கிறது: விழுந்தால் கட்டிக்கொள்ளலாம்.

விழாமல் இருக்க என்ன வழி, எந்த மரத்துக்கு எந்தக் கருவி என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கடைக்காரரைக் கேட்டால் பெல்ட்டையும் ஹெல்மெட்டையும் எடுத்து வைப்பார். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் மரம் ஏறியின் விதி பெரும்பாலும் அவன் மரத்தடிக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. மரத்தை எவ்வளவு உயரம் வளரவிட்டார்கள், மின்கம்பி எந்தப் பக்கமாகப் போகிறது, கூலி நாளுக்கா எடைக்கா, இந்த வருஷம் தோப்பு யார் கையில் இருக்கிறது: இந்த நான்கும் முடிவு செய்ததைத்தான் பெல்ட்டும் ஹெல்மெட்டும் கொஞ்சம் திருத்த முடியும்.

இடத்தைப் பற்றிச் சிறிது. கார்வேட்டிநகரம் பழைய ஜமீன். வேணுகோபால சுவாமி கோயிலும் கந்தபுஷ்கரணியும் அந்தக் காலத்தின் மிச்சம். வட ஆற்காட்டிலிருந்து பிரித்து 1911-இல் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கியபோது இந்தப் பகுதி அதற்குள் போனது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, இது ஆந்திரத்திலேயே நின்றது. 2022-இல் திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது புத்தூர் அதில் சேர, கார்வேட்டிநகரம் சித்தூரில் தங்கிவிட்டது. தோப்புக்காரர்களில் தெலுங்கு பேசுகிறவர்களும் உண்டு, தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. மழைக்காலத்தில் இங்குள்ள கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுக்காரர்கள் ஆற்றோரத்தைக் காலி செய்கிறார்கள். மாநிலம் வேறானாலும் தண்ணீர் ஒன்று, மரங்களும் ஒன்றுதான்.

முதலில் மா. சித்தூர் மாவட்டத்து மாவென்றால் அதில் பெரும்பங்கு தோத்தாபுரி, நாம் கிளிமூக்கு என்று சொல்வது. இது கூழ் ஆலைக்குப் போகும் காய். ஜூன், ஜூலையில் ஒரே மூச்சில் வெட்டி லாரி ஏற்ற வேண்டும். இதற்கு நடுவே பங்கனப்பள்ளியும் நீலமும். பழைய தோப்புகளில் முப்பதடி, நாற்பதடி மரங்கள் உண்டு. கீழ்க்கிளைக் காயைத் தரையில் நின்றே துரட்டியால் எடுத்துவிடலாம். நடுமரத்துக் காய்க்கு ஒருவன் கவட்டையில் ஏறி நின்று அங்கிருந்து துரட்டி நீட்ட வேண்டும். உச்சிக்காய்க்கு நுனிக்கிளை வரைக்கும் போக வேண்டும். விழுகிறவர்கள் அங்கேதான் விழுகிறார்கள்.

துரட்டி என்கிற கருவியை ஒரு தரம் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. நீண்ட மூங்கில், நுனியில் இரும்பு வளையம், வளையத்தில் கோத்த நூல்வலை, வளையத்தின் வாயில் ஒரு கத்தி. காயை வலைக்குள் வாங்கி, காம்பு கத்தியில் படும்படி சுண்டினால் காய் வலையில் விழும். நாலைந்து காய் சேர்ந்ததும் இறக்கிக் கொட்ட வேண்டும். காம்பை ஒட்ட அறுத்தால் வெட்டுவாயிலிருந்து பால் பீச்சும். மாம்பால் தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம். காயின் மேல் வழிந்தாலும் கருப்புக் கோடு விழுந்து விலை இறங்கும். அதனால் விரல்நீளக் காம்போடு அறுத்து, பிறகு தனியாகக் காம்பு கிள்ளிக் கவிழ்த்து வைப்பது முறை. காய்க்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது. அண்ணாந்து பார்த்தபடியே நாள் முழுக்க வேலை செய்கிறவனுக்கு இருபது முப்பது ரூபாய்ப் பிளாஸ்டிக் கண்ணாடி ஒரு பெரிய காரியம். பாலும் தூசியும் மட்டுமல்ல, இலைகளைத் தைத்துக் கூடுகட்டும் முசுறும் மேலிருந்துதான் கொட்டும். முசுறு கடித்த இடத்தில் அமிலத்தையும் பீச்சும். கடியால் யாரும் சாவதில்லை; கடித்த கணத்தில் கை தானாகக் கிளையை விட்டுவிடுகிறது, ஆபத்து அதில்தான். மரம் ஏறிக் கைவிட்டவனைக் கடன் வாங்கிக் கடன் கொடுத்தவனோடு சேர்த்துச் சொன்ன பழமொழிக்காரர்கள் முசுறை அறிந்தவர்களாக இருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் தரையில் நின்றபடி மரத்தை ஒரு சுற்று சுற்றி, முசுறுக் கூடும் கதண்டுக் கூடும் தேனடையும் எங்கே என்று பார்த்துவிடுவது கருவி கேட்காத பாதுகாப்பு.

அந்த ஒரு சுற்றிலேயே மரத்தின் உடம்பையும் பார்த்துக்கொள்ளலாம். மாவில் தண்டுத்துளைப்பான் புழு உள்ளே சுரங்கம் போட்டுக்கொண்டே போகும். அடிமரத்திலோ கவட்டையிலோ மரத்தூள் சிந்திக் கிடந்தால் அந்தக் கிளை வெளியே பச்சையாக இருந்தாலும் உள்ளே கூடு. அரிவாளின் பின்பக்கத்தால் தட்டினால் கெட்டிக் கிளைக்கும் கூட்டுக் கிளைக்கும் சத்தம் வேறு. மழை பெய்த மறுநாள் பாசி பிடித்த பட்டையில் வெறுங்காலும் வழுக்கும். வெறுங்கால் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: பாதுகாப்பு வகுப்பு நடத்துகிறவர்கள் முதலில் செருப்பையும் ஷூவையும் பற்றிப் பேசுகிறார்கள். கெட்டி அடிப்பாகமுள்ள ஷூவோடு மரம் ஏறுவதைவிட வெறுங்கால் பிடிப்பு மேல் என்றுதான் எனக்குப் படுகிறது. ஷூ வேண்டியது கீழே சருகில் நடக்கிறவனுக்கு.

இனி கம்பி. மாந்தோப்பில் உயிர் போவதற்கு விழுவது ஒன்றுதான் காரணம் என்று நினைப்பவர்கள் மோட்டார் கொட்டகைக்குப் போகும் மின்பாதையை மறந்துவிடுகிறார்கள். தெருவை ஒட்டியும் தெருவுக்குக் குறுக்கேயும் அல்லாத இடங்களில், 11,000 வோல்ட் வரையிலான வெற்றுக்கம்பி தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகள் சொன்ன அளவு. அதாவது பதினைந்தடி. இருபதடித் துரட்டியை நட்டுக்குத்தலாகத் தூக்கி அடுத்த மரத்துக்கு நடக்கிறவனுக்கு விதிப்படி கட்டிய கம்பியும் கைக்கெட்டும் உயரம்தான். தொய்ந்த கம்பியைச் சொல்லவே வேண்டாம். காய்ந்த மூங்கில் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது என்கிற நம்பிக்கையில் பலர் இருக்கிறார்கள். பச்சை மூங்கிலும் மழையில் நனைந்த மூங்கிலும் கடத்தும். வலைவளையத்தைக் கட்டிய இரும்புக்கம்பி கோலின் பாதி வரைக்கும் சுற்றியிருந்தால் மூங்கில் என்ற பேச்சுக்கே இடமில்லை. இப்போது கடைகளில் கிடைக்கும், நீட்டி மடக்கும் அலுமினியக் கோல் தூக்க இலேசு, விலையும் கட்டும். ஆனால் கம்பி போகிற தோப்புக்குள் அது வரவே கூடாது. அங்கே கண்ணாடி இழைக் கோல், அதையும் ஈரமில்லாமல் துடைத்துத்தான். அலுமினிய ஏணிக்கும் இதே பேச்சு. கம்பிக்கு அடியில் நிற்கும் மரத்துக் காயை மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பறிக்க வேண்டும். அதற்கு லைன்மேனுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அந்த ஒரு மரத்துக்காக யார் போய்ச் சொல்வார்கள்? சொல்ல மனமில்லாவிட்டால் அந்த மரத்தை எடுத்துவிடுவது உத்தமம். கம்பிக்குக் கீழே வளரவிட்ட மாமரம் வருஷா வருஷம் ஒருவனை அழைத்துக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் குத்தகையைப் பேசாமல் மேலே போக முடியாது. பூ கண்டதும் தோப்பை வியாபாரியிடம் விடுவது இந்தப் பக்கத்தில் பழகிப்போன வழக்கம். மருந்தடிப்பது முதல் காய் இறக்குவது வரை அவர் பொறுப்பு. காய் இறக்குகிறவர்கள் அவருடைய மேஸ்திரி கூட்டி வந்த ஆட்கள். நிலக்காரருக்கு மரம் சொந்தம், ஆள் சொந்தமில்லை. வியாபாரிக்குக் காய் சொந்தம், மரம் சொந்தமில்லை. மேஸ்திரிக்கு எடைதான் கணக்கு. இந்த மூன்று பேரில் மரத்தின் உயரத்தைக் குறைப்பதில் அக்கறை யாருக்கு? வெட்டினால் பலன் வர இரண்டு மூன்று வருஷம். குத்தகையோ ஒரு வருஷம். ஆகவே மரம் வளர்ந்துகொண்டே போகிறது, ஏறுகிறவன் அதன் பின்னாலேயே உயரப் போகிறான்.

வேறு மாதிரியும் மாந்தோப்பு போடலாம் என்பதற்கு இதே மாவட்டம் சாட்சி. 2011-இல் கோகோ-கோலாவும் ஜெயின் இரிகேஷனும் சேர்ந்து சித்தூர் மாவட்டத்தில் ‘உன்னதி’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். தோத்தாபுரியை மிக நெருக்கமாக நட்டுக் குட்டையாகவே வைத்து வளர்ப்பது அதன் சாரம். பழைய முறையில் பத்து மீட்டருக்கு ஒரு மரம், ஏக்கருக்கு நாற்பது. இதில் மூன்றுக்கு இரண்டு மீட்டர், ஏக்கருக்கு 674. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் கிளை நுனிகளைக் கழித்துவிடுவதால் மரம் ஆள் உயரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். கம்பெனிகள் மகசூலுக்காகச் செய்தார்கள். யாருடைய இடுப்பும் ஒடியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. ஆனாலும் தோப்பு வேலையில் உயிரைக் காக்கிற முதல்தரக் கருவி எது என்று கேட்டால் நான் பெல்ட்டைச் சொல்லமாட்டேன், குட்டை மரத்தைத்தான் சொல்வேன். சொட்டுநீரும் நாற்றுச் செலவும் எல்லோருக்கும் கட்டாது என்பது உண்மை. அப்படிப்பட்டவர்களுக்குப் பழைய மரத்தையே இறக்குகிற வழி இருக்கிறது: நடுவில் செங்குத்தாக எழுந்த கிளைகளை எடுத்து மரத்தின் நெஞ்சைத் திறந்துவிடுவது, மற்றதைப் பக்கவாட்டில் படரவிடுவது, வெட்டுவாயில் போர்டோ பசை பூசுவது. காய்ப்பு ஓய்ந்த கிழட்டுத் தோப்புகளைப் புதுப்பிக்க ஒன்றிய அரசின் தோட்டக்கலைத் திட்டத்தில் மானியமும் உண்டு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. உயரத்தைக் குறைக்கிற அந்த ஒரு வெட்டுதான் தோப்பிலேயே மிக ஆபத்தான வேலை. மரம் அறுக்கும் மிஷின் வந்த பிறகு அரைநாள் வேலை அரைமணியில் முடிகிறது, விபத்தும் அதே வேகத்தில். ஓடும் சங்கிலியின் மூக்கு நுனியில் மேல்பாதி கிளையில் இடித்தால் மிஷின் அப்படியே பின்னால் எகிறி முகத்துக்கு வரும். ஏணியில் நின்றுகொண்டு, ஒரு கையால் கிளையைப் பிடித்தபடி மறு கையால் மிஷினை ஓட்டுவதைச் சர்வ சாதாரணமாகப் பார்க்கலாம். மூன்று தவறுகள் ஒரே நேரத்தில். மிஷினை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, ஏணிமேல் நின்று ஓட்டவே கூடாது. பெரிய கிளையை மேலிருந்து ஒரே அறுப்பாக அறுத்தால் பாதியில் முறிந்து பட்டையை உரித்துக்கொண்டு ஊசலாடி, நிற்கிறவன் மேலேயே வரும். அதனால் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்புறம் கால்பங்கு ஆழம் முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாம் வெட்டு, கிளை சுத்தமாகக் கழன்று விழும். மீதி நின்ற முண்டைக் கவட்டை வளையத்தை ஒட்டி மூன்றாவதாக எடுக்கலாம். கையரம்பம் போதும் இடத்தில் கையரம்பமே போதும். நீண்ட கோலில் மாட்டும் வளைந்த அரம்பத்தைத் தரையில் நின்றே இழுக்கலாம், நேர் கீழே நிற்காமல் ஒதுங்கி. இது ஒரு முறை எடுக்கிற ஆபத்து; முப்பது வருஷத்து ஏற்றத்துக்கு இது ஈடு என்று கணக்குப் போட்டால் கூலி கொடுத்துத் தேர்ந்த ஆளை வைக்க மனம் வரும்.

வருமா? 2025 ஜூனில் தோத்தாபுரி விலை சரிந்து, லாரிகள் ஆலை வாசலில் நாள் கணக்கில் காத்துக் கிடந்தன. ஆலை எட்டு ரூபாய், அரசு மானியம் நாலு ரூபாய், ஆக கிலோவுக்குப் பன்னிரண்டு என்று ஆந்திர அரசு அறிவித்தது. கர்நாடகக் காய் உள்ளே வரக்கூடாது என்று எல்லையில் தடையும் போட்டது. அப்படிப்பட்ட வருஷத்தில் தோப்புக்காரரிடம் போய்ப் பெல்ட் வாங்குங்கள் என்று சொன்னால் சிரிப்பார். கூழ் விலைக்கும் இடுப்பெலும்புக்கும் சம்பந்தம் இல்லாததுபோல் எழுதப்படும் பாதுகாப்புக் கையேடுகளை நான் நம்புவதில்லை.

புளி வேறு ரகம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பழம் உலுக்கும் காலம். மரம் கெட்டி; புளியங்கொம்பைப் பிடித்தவன் விழமாட்டான் என்று ஊரெல்லாம் சொல்வது சும்மா அல்ல. ஆனால் இங்குள்ள பழைய புளியை யாரும் குட்டையாக வைத்துக்கொள்ளவில்லை. அறுபதடி எழுபதடி ஏறித்தான் ஆக வேண்டும். ஏறியவன் கிளையில் நின்று காலால் மிதித்து உலுக்குகிறான், கோலால் அடிக்கிறான். கீழே பெண்கள் சாக்கு விரித்துப் பொறுக்குகிறார்கள். கோல் கை நழுவினாலும் பட்டகொம்பு முறிந்தாலும் குனிந்த தலைகள்மேல்தான். புளியமரத்தடியில் ஹெல்மெட் முதலில் பொறுக்குகிறவளுக்கு வேண்டும், பிறகுதான் ஏறுகிறவனுக்கு. அதைவிடச் செலவில்லாதது, உலுக்கி முடித்து மேலிருந்து குரல் கொடுத்த பிறகே மரத்தடிக்குப் பொறுக்க வருவது என்கிற ஒழுங்கு. எடைக்குக் கூலி என்றால் அந்த ஒழுங்கு முதல் மணி நேரத்திலேயே போய்விடும்.

புளியில்தான் கயிறும் பெல்ட்டும் உண்மையாகப் பயன்படும். ஆனால் எந்தக் கயிறு? பந்தல் கடையில் கிடைக்கும் நீல, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் உளுத்துப்போகும். ஒரு கோடை தோப்பில் கிடந்ததை உள்ளங்கையில் உருவிப் பார்த்தால் தூள் தூளாக வரும். அதில் ஆளைத் தொங்கவிடுவதும் விடாததும் ஒன்றுதான். தேங்காய் நார் வடம் உரசலைத் தாங்கும், ஆனால் நனைந்து காய்ந்தால் உள்ளுக்குள் மக்குவது வெளியே தெரியாது. மலையேறிகள் பயன்படுத்துகிற, உள்ளே நேரிழையும் வெளியே பின்னல் உறையும் கொண்ட நைலான் கயிறுதான் சரி. உறை கிழிந்து வெள்ளை இழை தெரிந்தால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது.

பெல்ட்டிலும் இப்படித்தான். இடுப்பில் மட்டும் கட்டுகிற பழைய பெல்ட் விழும்போது ஆளை நடுவில் மடக்கிவிடும், மூச்சும் முட்டும். தோள், நெஞ்சு, தொடை மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும். வாங்கும்போது ஐ.எஸ். 3521 முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம், தலைக்கவசத்துக்கு ஐ.எஸ். 2925, அதுவும் தாடைப்பட்டி உள்ளதாக. பெல்ட் வாங்கியவர்கள் அடுத்து செய்கிற தவறு கயிற்றைக் காலடிக் கிளையில் கட்டுவது. இரண்டு மீட்டர்க் கயிற்றைக் காலடியில் கட்டியவன் தவறினால் முதலில் கட்டு இருக்கும் இடம் வரை, பிறகு கயிற்றின் நீளம் என்று நாலு மீட்டர் போல விழுந்த பிறகே கயிறு இழுக்கும். நாலு மீட்டர் உயரத்தில் நின்றவனுக்கு அதற்குள் தரை வந்துவிடும். கட்டு தலைக்கு மேலே, தொடைத் தடிமனுள்ள உயிர்க்கிளையின் கவட்டையில், கயிறு தொய்வில்லாமல் இருக்க வேண்டும். மேலே போகப் போகக் கட்டை மாற்றிக்கொள்ள ஆஸ்திரிய மலையேறி கார்ல் ப்ரூசிக் 1931-இல் எழுதிக் காட்டிய முடிச்சு உதவும்: பாரம் விழுந்தால் இறுகும், கையால் தள்ளினால் நகரும். மேல்நாட்டு மரம் ஏறிகளும் அந்த முடிச்சை நீண்ட காலம் பயன்படுத்தினார்கள். இன்னொன்று: பெல்ட்டில் மயங்கித் தொங்குகிறவனைக் கொஞ்ச நேரத்துக்குள் இறக்காவிட்டால் இரத்தம் காலிலேயே தேங்கி ஆபத்தாகிவிடும். இறக்கத் தெரிந்த இன்னொருவன் கீழே இல்லாமல் யாரும் தனியாக ஏறக் கூடாது.

பனைக்கும் ஈச்சைக்கும் வந்தால் எல்லை குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை, இங்கே இறக்கலாம். தெற்கத்திப் பனையேறியிடம் தளைநார், நெஞ்சுத்தோல், முருக்குத்தடி, அரிவாள்பெட்டி என்று ஒரு முழு ஆயுதசாலை உண்டு. தெலுங்குப் பக்கத்தில் மரத்தையும் இடுப்பையும் சுற்றிப்போடும் மோகு என்கிற தடித்த வடம். அதில் சாய்ந்து நின்றுதான் பாளை சீவுகிறார்கள். தொழில் செய்வதற்கு இவை அருமையான கருவிகள். ஆனால் மோகு வழுக்கினாலோ அறுந்தாலோ இரண்டாவதாகப் பிடிக்க எதுவும் இல்லை. தெலங்கானா அரசு 2024 ஜூலையில் ‘காட்டமய்ய ரக்ஷா’ என்று கள் இறக்குகிறவர்களுக்குப் பாதுகாப்புச் சாமான்கள் கொடுக்கத் தொடங்கியது. காட்டமய்யா அவர்கள் கும்பிடும் சாமி. மோகைத் தூக்கிப்போடச் சொல்லாமல், அதோடு கூடவே வரும் இரண்டாவது பிடியைக் கொடுத்ததுதான் அதன் புத்திசாலித்தனம். பழைய கருவியை அவமதிக்கிற புதுக் கருவி கொட்டகையில் தொங்கித் துருப்பிடிக்கும்.

தென்னை இந்த ஊரில் சொற்பம், சுருக்கமாகவே சொல்கிறேன். கண்ணூர் மாவட்டம் செம்பேரி விவசாயி ஜோசப் கண்டுபிடித்த, இரண்டு காலுக்கும் தனித்தனிச் சட்டமும் கம்பிவடமும் கொண்ட ஏறும் கருவி இப்போது தென்னிந்தியா முழுக்க இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் கேரளத்தில் ‘தென்னையின் தோழர்கள்’ பயிற்சியைத் தொடங்கியது இதை நம்பித்தான். பயிற்சியோடு காப்பீடும் சேர்த்தார்கள், பாராட்ட வேண்டியது அதைத்தான். தேங்காய் தலையில் விழுந்து உலகில் வருஷத்துக்கு 150 பேர் சாகிறார்கள் என்று ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. பாப்புவா நியூகினியில் வேலை பார்த்த பீட்டர் பார்ஸ் என்ற மருத்துவர் 1984-இல் தேங்காய்க் காயங்களைப் பற்றி எழுதியதுதான் ஊதிப் பெருத்து இப்படி ஆனது. 2001-இல் அவருக்குச் சிரிப்பு நோபலும் கொடுத்தார்கள். 1984-இலேயே அவர் எழுதிய இன்னொரு கட்டுரையை யாரும் சிரித்தும் படிக்கவில்லை, சிரிக்காமலும் படிக்கவில்லை. அந்த மருத்துவமனையில் காயத்துக்காகச் சேர்ந்தவர்களில் கால்பங்குக்கு மேல் மரத்தால் வந்தவர்கள், அதிலும் பெரும்பாலும் மரத்திலிருந்து விழுந்தவர்கள் என்று அது சொல்கிறது.

மரத்தடியும் சும்மா இல்லை. சருகு மெத்தையில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இருக்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் இறந்தார்கள் என்பது 2020-இல் வந்த மதிப்பீடு. ஆந்திரம் அதில் முன்வரிசை மாநிலங்களில் ஒன்று. காய் பொறுக்குமுன் நீளக்கோலால் சருகைக் கிளறுவது, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், இருட்டில் டார்ச்: இந்த மூன்றும் போதும். கடித்தால் கயிறு போட்டு இறுக்கவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். அசைக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு. புல்வெட்டும் மிஷின் கல்லைத் தூக்கி அடிக்கும்; பதினைந்து மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது, கண்ணாடி இல்லாமல் ஓட்டக் கூடாது.

மருந்தடிப்பு தனிக் கதை. பூக்காலத்தில் தத்துப்பூச்சிக்கு அடிக்கும்போது மேல்நோக்கித்தான் பீச்ச வேண்டும், பீச்சியது முகத்துக்கே திரும்பும். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்; அந்த வருஷம் செடி ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டதால் மருந்து முகத்தில் வழிந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மாவில் எல்லா வருஷமும் அப்படித்தான். வாயில் கட்டிய துண்டு மருந்தை வடிகட்டாது, நனைந்ததும் மூக்கோடு ஒட்டவைக்கும். வடிகட்டி மாட்டும் முகமூடி, முழுக்கைச் சட்டை, காற்று முதுகுப்பக்கம். மரம் குட்டையானால் இங்கும் பாதிப் பிரச்சினை தீரும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவன் விழுந்துவிட்டால்? நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூளி மாதிரி தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதுதான் நடக்கிறது. விழுந்ததில் விரிசல் விட்ட முதுகெலும்பு அந்தத் தூக்கலில் நகர்ந்து தண்டுவடத்தை அறுத்துவிடும். கால் விரலை அசைக்கச் சொல்லுங்கள். அசையவில்லை, மரத்திருக்கிறது, முதுகு நடுவில் வலி என்றால் ஒருவரும் தூக்க வேண்டாம். தலையும் உடம்பும் ஒரே கோட்டில் இருக்க, கட்டைபோல் உருட்டிக் கதவுப்பலகையில் ஏற்றி, 108 வண்டி வரும்வரை அப்படியே வைக்க வேண்டும். போக வேண்டிய இடம் கட்டுச்சாலை அல்ல; திருப்பதியில் தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனை அல்லது வேலூர் சி.எம்.சி. தானே விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் பெயரில் வேலூரில் 1966 முதல் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. கை மணிக்கட்டு முறிவுக்கு மூங்கில் சிம்பு வைத்துக்கொள்வது அவரவர் நம்பிக்கை. கட்டிய பிறகு விரல் நீலம் பாய்ந்தாலும் மரத்தாலும் வலி ஏறிக்கொண்டே போனாலும் கட்டை உடனே அவிழ்க்க வேண்டும், அதில் நம்பிக்கைக்கு வேலையில்லை.

கடைசியில் பணம். 1923-இன் இழப்பீட்டுச் சட்டமானாலும் இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பானாலும், முதலாளி யார் என்று காட்டினால்தான் காசு. குத்தகைத் தோப்பில் விழுந்தவனுக்கு நிலக்காரர் வியாபாரியைக் காட்டுவார், வியாபாரி மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி போனை எடுக்கமாட்டார். குத்தகைச் சீட்டில் தொகையும் தவணையும் எழுதும்போதே, காய் இறக்கும் ஆட்களின் விபத்துப் பொறுப்பு யாருடையது என்று ஒரு வரி எழுதினால் இந்த ஓட்டம் நிற்கும். நிலக்காரர் கேட்டால் எழுதுவார்கள், கூலிக்காரன் கேட்டால் எழுதமாட்டார்கள். அது வரைக்கும் இருப்பது பிரதமரின் விபத்துக் காப்பீடு: வருஷத்துக்கு இருபது ரூபாய், பதினெட்டு முதல் எழுபது வயது வரை, சாவுக்கும், இரண்டு காலும் செயலிழந்தாலும் இரண்டு லட்சம், ஒரு கால் என்றால் ஒரு லட்சம். அதன் ஆண்டு ஜூன் ஒன்றாம் தேதி தொடங்கி மே 31-இல் முடிகிறது. தோத்தாபுரி வெட்டு தொடங்குவதும் ஜூனில்தான். மே மாதக் கடைசியில் மேஸ்திரி ஆள் சேர்க்கும்போது ஒவ்வொருவர் பாங்குக் கணக்கிலும் அந்த இருபது ரூபாய் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவருக்குப் போட்டுவிட்டு, அதைக் கூலியில் பிடிக்காமல் விட வேண்டும்.